ஈரச் சாக்கு

தை பிறந்து ஒன்பதாம் நாள் காலையில் ஒத்தையால்பட்டி டீக்கடை இருளப்பன் அடுப்புச் சாம்பலை அள்ளக் குனிந்தபோது அங்கே சாம்பல் இல்லை, முந்தின நாள் அவன் எரித்துத் தீர்த்த நாலு கருவேல விறகும், ஒன்றின் நுனியில் கறையான் அரித்திருந்த குழி உட்பட, வைத்தது வைத்தபடி கிடந்தன. இருளப்பன் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு அதே விறகை மறுபடியும் பற்றவைத்துப் பாலைக் காய்ச்சினான், ஏனென்றால் முதல் பஸ்ஸுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். மறுநாளும் விறகு திரும்பி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. விறகு வண்டிக்காரன் வந்து, "என்ன அண்ணாச்சி, நம்மகிட்ட எடுக்கறதில்லையே, கோவமா?" என்று கேட்டபோதுதான், "கோவமெல்லாம் இல்லப்பா, பழைய விறகே தீர மாட்டேங்குது" என்று முதல்முதலாக வாயைத் திறந்து சொன்னான்.

அதற்குள் ஊரில் எல்லா வீட்டுக்கும் அது தெரிந்திருந்தது, ஆனால் தன் வீட்டில் மட்டும்தான் நடக்கிறது, வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். காலையில் மூட்டிய தீ பொழுது சாய்வதற்குள் தான் தின்றதைத் திருப்பித் தந்துவிட்டது. காற்றில் போன புகை நூல் நூலாக இறங்கிக் கூரை இடுக்கு வழியே உள்ளே வந்தது, மேய்ச்சலுக்குப் போன ஆடு பட்டிக்குத் திரும்புவது போல, தள்ளாமல், முண்டாமல். கிழித்த தீக்குச்சி மருந்துத் தலையோடு பெட்டிக்குள் படுத்திருந்தது. தங்கப்பாண்டி என்பவன் ஒரே பீடியை ஏழு நாள் குடித்துவிட்டு எட்டாம் நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். "குடிச்ச மாதிரியே இல்லடா" என்றான்.

குருவம்மாள் வீட்டில் திரும்பி வந்தது சூடம். அவள் காலையில் குளித்து, ஈரத் தலையோடு மாடத்து அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு வில்லை சூடம் ஏற்றிக் கண்ணை மூடுவாள். பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்போது சாயங்காலம் தட்டைப் பார்த்தால் வெள்ளைவெளேரென்று அதே வில்லை இருந்தது. ஊர்ப் பெண்களெல்லாம் சூடம் மிச்சம் என்று சிரித்துப் பேசிக்கொண்டபோது, இவளுக்கு மட்டும் அம்மன் வாங்கிக்கொள்ள மனமில்லாமல் கையைத் தட்டித் திருப்பிக் கொடுத்தது போல இருந்தது.

மாசி பிறந்ததும் குளிர ஆரம்பித்தது. கரிசல் காடு வெடித்துக் கிடக்கிற அந்தப் பக்கத்தில் மாசியில் குளிர் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சாம்பல் விறகாகிற நேரத்தில் அடுப்படியில் நிற்பவர்களுக்கு விரல் மரத்தது. பிரை ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. ஆட்டி வைத்த மாவு மூன்று நாளானாலும் புளிக்கவில்லை, அதை ஊற்றி அவித்தால் இட்லி என்று வந்தது வழவழவென்று ஆற்றுக்கல் மாதிரி இருந்தது. அடை வைத்த கோழி இருபத்தைந்து நாள் உட்கார்ந்துவிட்டு அலுத்துப்போய் எழுந்து போனது. பக்கத்து ஊர்களிலிருந்து காய்ச்சல்காரர்களைக் கூட்டிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள், அவர்களுக்கு அரைமணியில் உடம்பு தணிந்தது. இருளப்பன் அதற்கென்று கடைக்குள் ஒரு பெஞ்சு போட்டான்.

அந்தப் பெஞ்சில்தான் பேச்செல்லாம்.

"காலம் நம்ம ஊரு பஸ்ஸு மாதிரி" என்றான் இருளப்பன். "போய்க்கிட்டே இருக்கும். திரும்புற எடம் வந்தா திரும்பித்தான ஆகணும்?"

"திரும்புற வண்டிக்கும் டீசல் ஊத்தணுமே. அதை எவன் ஊத்துறான்?" என்றார் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர்.

இருளப்பன் டம்ளரைத் துடைத்துக்கொண்டே தன் கைவிரலைப் பார்த்தான். நகக்கண்கள் நீலமாக இருந்தன.

"நாமதான் ஊத்துறோம் போலிருக்கு" என்றான்.

அன்றன்றைய தீ திரும்பிவருவது பழகிப்போனபிறகு பழைய தீயெல்லாம் வரத் தொடங்கியது. போன வருஷத்துத் தீ முதலில், அதற்கு முந்தின வருஷத்தது அடுத்து, பின்னாலிருந்து முன்னால், வரிசை தப்பாமல். மூன்று வருஷத்துக்கு முன் எரிந்துபோன, சோளத்தட்டை அடுக்கிய படப்பு, அந்த இடத்தில் இப்போது கட்டியிருந்த ரேஷன் கடையின் மொட்டைமாடியில் வந்து உட்கார்ந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ஒருத்தி கல்யாணத்துக்கு முந்தின நாள் அடுப்பில் போட்ட கடிதங்கள் ஒரு கத்தையாகத் திரும்பிவந்து, அவள் புருஷன் கையில் கிடைத்து, அவன் ஒருநாள் முழுக்கப் படித்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அவளிடமே கொடுத்தான். அவள் அதை மறுபடி எரிக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் கிணற்றில் போட்டாள். தண்ணீருக்குள் போனது திரும்பவில்லை. தீயில் போனது மட்டுமே திரும்பியது.

வருஷங்களை ஊரே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. எட்டு, ஒன்பது என்று எண்ணும்போது சத்தமாக எண்ணியவர்கள் பத்துக்கு மேல் வாய்க்குள்ளேயே எண்ணினார்கள். பன்னிரண்டாவது வருஷத்தில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு மேற்கே, வேலிக்கருவை மூடிக் கிடக்கிற வெடி ஆபீஸில், பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற அறை இருந்தது. ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அது வெடித்து ஐந்து பெண்பிள்ளைகள் போனார்கள். அதில் ஒருத்தி குருவம்மாளின் மூத்த மகள் மாரீஸ்வரி. ஒருத்தி, அடுத்த வீட்டு ராக்கம்மாளின் மகள் செல்வராணி. ஐந்து பேரையும் இன்னார் என்று பிரித்துக் கொடுக்க ஆஸ்பத்திரியில் முடியாமல் போனதால் ஒரே சிதையில் வைத்தார்கள். மறுநாள் அந்தச் சாம்பலை ஐந்து தாய்மாரும் ஆளுக்கொரு சட்டியில் அள்ளி, ஒரே வேனில் ராமேஸ்வரம் போய்க் கடலில் கரைத்தார்கள். குருவம்மாள் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, மஞ்சள்பொடி டப்பாவில் போட்டு, அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அவள் மறைத்தது அந்த ஒரு பிடி மட்டும் இல்லை.

அவளும் அந்த அறையில் மருந்து செலுத்துகிறவளாகத்தான் இருந்தாள். அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, இவை தனித்தனியாக இருக்கும்வரை சாதுவாக இருக்கும், கலந்துவிட்டால் பிரிக்க முடியாது, வைத்திருக்கவும் கூடாது, மூன்று மணிக்கு மிச்சம் இருப்பதைத் தண்ணீர்க் குழியில் கொட்டிவிட வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை குருவம்மாள் முன்னால் அரைச் சட்டி மருந்து மிஞ்சியது. மறுநாள் அவள் லீவு, மகள் மாரீஸ்வரிக்கு நிச்சயம் ஆகியிருந்தது, அதற்கு நேர்ந்துகொண்டபடி கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். அவளுக்குப் பதிலாக மாரீஸ்வரி வந்து உட்கார்வதாக ஏற்பாடு. பிள்ளை காலையில் வந்ததும் கையோடு வேலை ஆரம்பிக்கட்டுமே என்று நினைத்தாள். அரைச் சட்டியைக் குழியில் கொட்ட மனசு வரவில்லை. வீட்டில் மிஞ்சின சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பிள்ளைக்குப் போடுகிறவள், அந்தக் கை, அந்தப் புத்தி, ஒரு சாக்கை நனைத்து, நன்றாகப் பிழிந்து, சட்டியின்மேல் போட்டு மூடிவைத்தது. ஈரம் இருந்தால் தீ அண்டாது என்று நினைத்தாள். அலுமினியப் பொடிக்கு ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே கொதிக்கும் என்று பிற்பாடு விசாரணைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

"மிச்சம் இருக்கா?" என்று கதவைப் பூட்ட வந்த போர்மேன் சவுந்தரராஜ் கேட்டார்.

"இல்லண்ணாச்சி" என்றாள்.

அந்த ஒரு சொல்லை நம்பிப் பூட்டினவர்மேல்தான் பழி விழுந்தது. நாலு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். இப்போது ஊருக்கு வெளியே ஆடு மேய்க்கிறார், எதிரே வந்தால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குருவம்மாளும் திருப்பிக்கொள்வாள்.

பங்குனி முதல் வாரத்தில் சுடுகாட்டு வன்னிமரத்தடியில் ஆவுடையப்பன் கிடந்தார். அநாதை வாட்ச்மேன், செத்துப் பதினோரு வருஷம். அவர் சாம்பலைக் கரைக்க ஆள் இல்லாமல் சட்டியோடு மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள், சட்டி விழுந்து உடைந்து அவர் முழு ஆளாக, நெற்றியில் ஒரு ரூபாயோடு, வாய்க்கரிசி உதட்டில் ஒட்டியிருக்க, மல்லாந்து கிடந்தார். செத்துத்தான் கிடந்தார். எரிந்தது இல்லை என்று ஆகியிருந்தது, செத்தது இல்லை என்று ஆகவில்லை. மறுபடி எரித்தார்கள், சாயங்காலம் மறுபடி வந்து கிடந்தார். இரண்டு தடவைக்குமேல் ஒரு மனுஷனை அலைக்கழிக்கக் கூடாது என்று மூன்றாம் நாள் குழிவெட்டிப் புதைத்தார்கள்.

ஊர் அதைப் பார்த்துச் சோர்ந்தது. ராக்கம்மாள் மட்டும் சோரவில்லை. அவள் குருவம்மாள் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து, கண் ஜொலிக்கச் சொன்னாள்: "மதினி, அவரு சீக்குல செத்தாரு. அப்புறமா எரிச்சாங்க. அதான் எந்திரிக்கல. நம்ம பிள்ளைகளுக்கு என்ன சீக்கு? தீதான கொன்னுச்சு? தீ இல்லைன்னு ஆயிட்டா சாவும் இல்லைன்னுதான ஆகணும்?"

அதே கணக்கைத்தான் குருவம்மாளும் இரவு பகலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. அறை திரும்பி வந்தால் சட்டியும் வரும். சட்டி வந்தால் சாக்கும் வரும். சாக்குக் கிழிசலுக்குத் தன் ஊதாப் புடவைத் துண்டை வைத்துத் தைத்தது அவள்தான், அந்தப் புடவையை எடுத்துத் தந்தது ராக்கம்மாள்.

"சாம்பலத்தான் கடல்ல கரைச்சிட்டோமே, ராக்கு" என்றாள் கடைசியில்.

"கடலு எங்க போயிரும்? வர வேண்டியது வரும். நான் செல்விக்கு வளையல் வாங்கிட்டேன். பத்தொம்பது வயசு அளவுதான், மாறியிருக்காதுல்ல?"

அவள் போனபின் குருவம்மாள் அம்மன் முன்னால் உட்கார்ந்தாள். தாயே, வரட்டும் என்று கேட்டாள். தாயே, வர வேண்டாம் என்று கேட்டாள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதால் எதைக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. திருப்பூரில் இருக்கிற மகன் போன் செய்து, "அம்மா, ஊருல ரொம்பக் குளிராமே, இங்க வந்துரு" என்றான். "ஒரு வேலை கிடக்குய்யா, முடிச்சிட்டு வாரேன்" என்றாள்.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக வந்தது. காலையிலேயே வானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு இழை தெரிந்தது, பன்னிரண்டு வருஷம் எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த மேகத்திலோ அலைந்த புகை மேற்கே பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் மொத்தமும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெடி ஆபீஸுக்கு நடந்தது. தாய்மார் ஐந்து பேரும் முன்னால் போனார்கள். ஒருத்தி மாற்றுப்புடவை கொண்டுவந்தாள். ஒருத்தி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள், பிள்ளை அன்று காலையில் சாப்பிடாமல் போனாளாம். குருவம்மாள் முந்தானைக்குள் மஞ்சள்பொடி டப்பாவை வைத்திருந்தாள். பாதி வழியில் டப்பா கனத்தது. உள்ளே என்னவோ மெத்தென்று அசைந்தது. அவள் திறக்கவில்லை.

வேலிக்கருவைக்கு நடுவில், சிதறிக்கிடந்த செங்கல் ஒவ்வொன்றாக எழுந்து தன் இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தது. சத்தமே இல்லை. வெடித்த சத்தத்தையும் அது உள்ளே வாங்கிக்கொண்டதோ என்னவோ, காக்கைகூடக் கத்தவில்லை. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், உச்சிவெயிலில் ஜனங்கள் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது, நின்றவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், பகையாளிகளும் கட்டிக்கொண்டார்கள். சுவர் எழுந்தது, ஓடு ஏறியது, கதவு வந்து கீலில் மாட்டியது. வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு வரிசையாக வந்து நின்றது.

செருப்பைப் பார்த்ததும் ராக்கம்மாள் உள்ளே ஓடினாள்.

ஐந்து பாய் விரித்திருந்தது. ஐந்து சாப்பாட்டுத் தூக்கு மூலையில் இருந்தது. செலுத்தி முடித்த பூச்சட்டிகள் அடுக்கியிருந்தன. பாய்களின்மேல் யாரும் இல்லை. கடலில் கரைந்தது கடலிலேயே இருந்தது.

"செல்வி" என்று மெதுவாகக் கூப்பிட்டாள் ராக்கம்மாள், பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுவது போல. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு பாயைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

குருவம்மாள் டப்பாவைத் திறந்தாள். உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு முழம் பின்னல். எண்ணெய் வாசம் போகாத, கறுகறுவென்று நேராக இறங்கிய முடியின் பின்னல், நுனியில் பச்சை ரிப்பன். அவள் மகளுக்குச் சுருட்டை முடி. மாரீஸ்வரி ரிப்பன் கட்டுகிறவளும் இல்லை, செல்விதான் கட்டுவாள். பன்னிரண்டு வருஷம் பூப்போட்டு, சூடம் காட்டி, மடியில் வைத்து அவள் அழுதது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், டப்பாவை மூடிவிடலாமா என்று இருந்தது. இதையும் இழந்தால் தன்னிடம் ஒன்றுமே இல்லை.

"ராக்கு" என்றாள். "இது உன்னோடது."

ராக்கம்மாள் பின்னலை வாங்கினாள். ரிப்பனைத் தடவினாள். அன்று காலையில் அதைக் கட்டிவிட்டது அவள் கைதான். முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள், அழவில்லை, முகர்ந்துகொண்டே இருந்தாள். அப்படி முகர்ந்தபடி நிமிர்ந்தபோதுதான் மூலையில் அந்தச் சட்டி அவள் கண்ணில் பட்டது. சட்டியின்மேல் சாக்கு. சாக்கில் ஊதா ஒட்டு.

சாக்கு ஈரமாக இருந்தது. அந்தக் குளிரிலும் அதிலிருந்து லேசாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். "எல்லாரும் ஓடுங்க" என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஆடுகளோடு நின்ற சவுந்தரராஜ் கம்பைப் போட்டுவிட்டு முன்னால் வந்து, சட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"நீங்க விடுங்கண்ணாச்சி" என்றாள் குருவம்மாள். "மிச்சம் இருக்கான்னு கேட்டீங்கல்ல? இருந்துச்சு. இது என்னோடது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கதவை ஒரு கையால் பிடித்து வழிவிட்டார்.

குருவம்மாள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள், குழந்தையை வைத்துக்கொள்வது போல. வயிற்றுப் பக்கம் சுட்டது. இங்கேயே, இப்போதே வெடித்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது, வெடித்தால் சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி இதே சட்டியோடு நிற்க வேண்டும் என்று அடுத்த நினைப்பு வந்தது. தண்ணீர்க் குழி முப்பது தப்படி. போன மழைத் தண்ணீர் பச்சையாக நின்றது. மூன்று மணிக்குச் செய்திருக்க வேண்டியதைப் பன்னிரண்டு வருஷம் பிந்திச் செய்தாள். மருந்து தண்ணீரில் சாம்பல் நிறமாகப் பரவி, அடங்கி, கரைந்தது. சாக்கையும் அதிலேயே அமுக்கினாள்.

ஊர் கலைந்தது. மறுநாள் காலையில் இருளப்பன் அடுப்பில் சாம்பல் இருந்தது.

அதற்குப் பிறகு எரிந்தது எரிந்ததுதான். விறகு வண்டிக்காரன் மறுபடி வந்தான். தங்கப்பாண்டி இரண்டு பீடி ஒன்றாகக் குடித்தான். சித்திரை வெயில் வந்து எல்லாருடைய எலும்பிலிருந்தும் குளிரை எடுத்தது. குருவம்மாள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாள், அந்தக் கேஸ் எப்போதோ முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கம்மா என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை, அவளோடு பேசவும் இல்லை, குழாயடிக்கு அவள் போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தி இடம்விட்டார்கள், ரொம்பவே இடம்விட்டார்கள். சவுந்தரராஜுக்கு மட்டும் இருளப்பன் பெஞ்சில் டீ கிடைத்தது. சாயங்காலம் அவள் மாடத்துத் தட்டைப் பார்ப்பாள். சூடம் இல்லாமல் கரி மட்டும் இருக்கும். மஞ்சள்பொடி டப்பா காலியாக இருந்தது.

சித்திரை கடைசியில் ஒருநாள் ராக்கம்மாள் வந்தாள். வாசற்படியில் நின்றாள், ஏறவில்லை. கையில் மூடிய கிண்ணம் இருந்தது.

"ஊருல யார்கிட்டயும் பிரை மோரு இல்ல" என்றாள். "அந்தக் குளிர்ல எல்லாம் செத்துப்போச்சு. நீ டவுன்லருந்து வாங்கிவந்து தோய்ச்சியாமே."

குருவம்மாள் உள்ளே போய் உறியிலிருந்து மோரை எடுத்துவந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத" என்றாள் ராக்கம்மாள். "மோரு இல்ல. அதான் வந்தேன்."

"சரி, ராக்கு."

ராக்கம்மாள் கிண்ணத்தைத் திறந்து நீட்டினாள். காய்ச்சி ஆறின பால், இளஞ்சூடாக இருந்தது. குருவம்மாள் ஒரு கரண்டி மோரை அதில் விட்டாள். வெள்ளைக்குள் வெள்ளை விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, எது பால் எது மோர் என்று தெரியாமல் போயிற்று. இரண்டு பேரும் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, இனிமேல் பிரிக்க முடியாத அதைப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.